ரைஃபிள் தோட்டாவின் நான்கு உறுப்புகள்: எந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்?

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறிந்துவிடாமல், அதைச் சுத்தம் செய்து, பழைய அளவுக்குத் திருத்தி, தீமூட்டும் புதிய பிரைமரும் வெடிமருந்தும் குண்டும் சேர்த்து மீண்டும் சுடத்தக்கதாக ஆக்கும் பழக்கம் அமெரிக்க இலக்குச் சுடுநர்களிடையே பல தலைமுறைகளாக நிலவிவருகிறது. அங்குள்ள கூட்டாட்சிச் சட்டப்படி, சொந்தப் பயன்பாட்டுக்காகத் தோட்டா நிரப்புபவருக்குத் தனி உரிமம் வேண்டியதில்லை. நிரப்பிய தோட்டாவை விற்க முற்படும்போதுதான் உற்பத்தியாளர் உரிமம் தேவைப்படுகிறது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றி ஆயுதங்களையும் தோட்டாக்களையும் தயாரிப்பதைத் தன் 5ஆம் பிரிவில் தடைசெய்வதால், இங்கு இது வீட்டுப் பொழுதுபோக்காக வேரூன்ற வழியில்லை. ஆயினும் இதற்குள் அடங்கியிருக்கும் கேள்வி துப்பாக்கியோடு நின்றுவிடுவதன்று. ஒரு பொருளின் நான்கு உறுப்புகளில் ஒன்றை மாற்றிவிட்டு, விளைவு மேம்பட்டது என்று சொல்வதற்கு எவ்வளவு சான்று வேண்டும் என்பதே அக்கேள்வி.

கூடு, பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கிலும் பத்துக்கணக்கான வணிகப் பெயர்கள் கடைகளில் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் மற்றதைவிடச் சீரானது என்றே விற்கப்படுகிறது. அவற்றை ஒப்பிட வசதியான களம் .308 வின்செஸ்டர் என்னும் தோட்டா வகை. 1952இல் வின்செஸ்டர் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த இதன் நெருங்கிய உறவான 7.62×51 மி.மீ. தோட்டாவை 1954இல் நேட்டோ நாடுகள் ஏற்றுக்கொண்டதால், இராணுவக் கூடு முதல் போட்டிக்கெனச் செய்த விலையுயர்ந்த கூடு வரை எல்லாத் தரங்களும் இந்த ஒரே அளவில் கிடைக்கின்றன. இதில் பொருந்தும் குண்டின் விட்டம் 0.308 அங்குலம், அதாவது 7.82 மி.மீ. குண்டையும் மருந்தையும் நிறுக்கும் அலகு கிரெயின். ஒரு கிரெயின் என்பது ஏறத்தாழ 64.8 மில்லிகிராம். 1926இல் தோன்றிய அமெரிக்கத் தோட்டாத் தயாரிப்பாளர்களின் தர அமைப்பான சாமி, இத்தோட்டாவின் உச்ச சராசரி அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு என வரையறுத்திருக்கிறது. எந்த உறுப்பை மாற்றினாலும் முதலில் நகர்வது இந்த அழுத்தமே; துல்லியம் அதற்குப் பிந்தியது என்பதை இனி வரும் எல்லாவற்றுக்கும் முன்நிபந்தனையாகக் கொள்ள வேண்டும்.

நான்கில், செலவிட்ட பணத்துக்குப் பலனைக் கண்ணுக்குத் தெரியும்படி தருவது குண்டுதான். போட்டிக் குண்டு ஒன்றைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால் அதன் முனையில் மெல்லிய துளையும், அத்துளையைச் சுற்றிச் சற்றே கந்தலான விளிம்பும் தெரியும். செம்புக் கலவையாலான உறையை அடிப்பக்கம் மூடிய கிண்ணமாக வடித்து, அதற்குள் ஈயத்தை அழுத்தி, கடைசியில் வாயை ஒடுக்கிக் கூம்பாக்குவதால் உறையின் முடிவு முனையிலேயே வந்து சேர்கிறது. குண்டு பறக்கும் திசையைப் பெரிதும் தீர்மானிப்பது அடிப்பக்கத்தின் ஒழுங்கு என்பதால், ஒழுங்கின்மையை முனைக்குத் தள்ளிவிடும் இந்த ஏற்பாடு வேண்டுமென்றே செய்யப்பட்டது. இதன் பக்கவிளைவாக, ஒரே பெட்டியிலுள்ள இரு குண்டுகளின் மொத்த நீளம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பல பங்குகள் வேறுபடலாம். ஆகவே, வெர்னியர் அளவுகோலின் தாடைகளுக்கிடையே முனைவரை அளந்து ஒரு தயாரிப்பைச் சீரற்றது என்று தள்ளுவது தவறு. தாடையில் பொருத்தும் கம்பரேட்டர் என்ற சிறு துணைக்கருவி, குழலின் உள்விட்டத்துக்கு நெருங்கிய துளை ஒன்றின் வழியாக முனையை உள்ளே விட்டு, கூம்பின் வளைவு தொடங்கும் பகுதியைத் தொட்டு அளக்கிறது. இப்படி அளக்கும்போது, முனைவரை அளக்கையில் மோசமாகத் தோன்றிய பெட்டி பல வேளைகளில் ஒழுங்கானதாகவே வெளிப்படும். இவ்வொப்பீட்டில் விலைக்கு மிஞ்சிய பயன் தரும் கருவி இதுவே.

குண்டுகளின் பெட்டியில் அச்சிடப்படும் பாலிஸ்டிக் கெழு என்னும் எண், காற்றின் தடையைக் குண்டு எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதை ஒரு மாதிரிக் குண்டோடு ஒப்பிட்டுச் சொல்வது. எண் பெரிதாக இருந்தால் வேகம் மெதுவாகக் குறையும். சியரா நிறுவனத்தின் மேட்ச்கிங் வரிசையில் 168 கிரெயின் குண்டுக்கு 0.462 என்றும், 175 கிரெயின் குண்டுக்கு 0.505 என்றும் அவ்வெண் குறிக்கப்படுகிறது. இரண்டும் அதிவேகத்தில் மட்டுமே செல்லுபடியாகும் மதிப்புகள். வேகம் நொடிக்கு 1,600 அடிக்குக் கீழே இறங்கும்போது 168 கிரெயின் குண்டின் கெழு 0.405 ஆகிவிடுவதாக அந்நிறுவனமே தன் அட்டவணையில் தருகிறது. காரணம், ஜி1 எனப்படும் பழைய மாதிரிக் குண்டு தட்டையான அடியும் குட்டையான முனையும் கொண்டது; நீண்ட கூர்முனையும் படகின் பின்புறம்போல ஒடுங்கிய அடியும் கொண்ட இக்காலக் குண்டுக்கு ஜி7 மாதிரியே பொருந்தும். ஒரு பெட்டியில் ஜி1 எண்ணும் மற்றொன்றில் ஜி7 எண்ணும் அச்சிடப்பட்டிருக்க, இரண்டையும் அருகருகே வைத்துச் சிறிய எண் கொண்டதைத் தாழ்ந்தது என்று ஒதுக்கும் தவறு மிகப் பரவலானது. அமெரிக்க எறிவியலாளர் பிரயன் லிட்ஸ் பல நிறுவனக் குண்டுகளை ஒரே முறையில் தாமே சுட்டு அளந்து ஜி7 மதிப்புகளை வெளியிட்ட பின்னரே இந்த ஒப்பீடு ஒழுங்குக்கு வந்தது.

அந்த இரு சியரா குண்டுகளுக்கிடையே எண் சொல்லாத வேறுபாடு ஒன்றும் உண்டு. 168 கிரெயின் குண்டு 300 மீட்டர் பன்னாட்டுப் போட்டியை மனத்திற்கொண்டு உருவானது. அதன் அடி 13 பாகை கோணத்தில் ஒடுங்குகிறது. 175 கிரெயின் குண்டின் அடியோ 9 பாகையில் ஒடுங்குகிறது. குண்டின் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கி இறங்கும் கட்டத்தில், செங்குத்தாக ஒடுங்கும் அடியின் பின்னால் காற்றோட்டம் நிலைகுலைந்து, 168 கிரெயின் குண்டு ஆடத் தொடங்குகிறது. 300 மீட்டரில் ஒன்றோடொன்று ஈடுகொடுக்கும் இவ்விரண்டும் 1,000 கெஜத்தில் ஒரே வகுப்பில் நிற்பதில்லை. அமெரிக்க இராணுவம் எம்118எல்ஆர் என்னும் தொலைதூரத் தோட்டாவுக்கு 175 கிரெயின் குண்டைத் தேர்ந்ததற்குப் பின்னணி இதுதான். ஹார்னடி நிறுவனத்தின் நிலை வேறு. டாப்ளர் ரேடாரால் குண்டின் முழுப் பாதையையும் தொடர்ந்து அளந்தபோது, காற்று உராய்வின் வெப்பத்தில் பிளாஸ்டிக் முனை இளகி, கெழு இடைவழியில் சரிவதை அது கண்டது. வெப்பத்தைத் தாங்கும் முனையோடு 2015இல் வெளிவந்த இஎல்டி வரிசை அந்தக் கண்டறிதலின் விளைவு. தன் பழைய பொருளின் குறையை அளந்து காட்டி, அதையே புதிய பொருளின் விளம்பரமாகவும் ஆக்கிக்கொண்ட வணிகச் சாமர்த்தியத்தையும் இங்கே குறிப்பிடத்தான் வேண்டும்.

குண்டைத் தவிர்த்த மற்ற மூன்று உறுப்புகளையும் ஒப்பிட, குழல்வாயிலிருந்து குண்டு வெளியேறும் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இன்றியமையாதது. பழைய ஒளிவகைக் கருவியில், குறித்த இடைவெளியில் நிற்கும் இரு உணரிகளைக் குண்டின் நிழல் கடக்கும் நேரம் அளக்கப்படுகிறது. மேகம் நகர்ந்தாலும், சுடுகளத்தின் மின்விளக்கு துடித்தாலும் அளவு பிசகும். மேக்னட்டோஸ்பீட், குழல்முனையின் கீழே கட்டித் தொங்கவிடும் காந்த உணரிப் பட்டை. ஒளியைச் சாராதது என்பது அதன் நிறை. குழலின் முனையில் எடை ஏறுவதால் குழலின் அதிர்வு மாறி, குண்டு விழும் இடமே நகர்ந்துவிடுவது அதன் குறை. வேகத்தையும் இலக்குத்தாளில் துளைகள் பரவும் அளவையும் ஒரே சுடுகையில் அதனால் சோதிக்க முடியாது. டாப்ளர் ரேடார் வகையில் முதலில் பரவலான லேப்ரேடார் அந்தக் குறையைப் போக்கியபோதிலும், கருவியின் முகத்தை இலக்கை நோக்கித் திருத்தமாகத் திருப்பிவைக்கும் சிரமத்தையும், நெரிசலான சுடுகளத்தில் பக்கத்து மேசையின் வெடியோசைக்கு விழித்துக்கொள்ளும் வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தது.

2023இன் இறுதியில் ஏறத்தாழ 600 டாலர் விலையில் வந்த கார்மின் ஸீரோ சி1 புரோ இந்த வரிசையில் தெளிவான முன்னேற்றம். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. சிறு முக்காலியில் ரைஃபிளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, இலக்கின் பக்கம் உத்தேசமாகத் திருப்பி, குண்டின் எடையைக் கொடுத்தால் போதும். திரும்பி வரும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணித்து, ஒவ்வொரு சுடுகைக்குப் பின்னும் அந்த வேகத்தையும், அதுவரையிலான சராசரியையும், திட்ட விலக்கத்தையும் திரையில் காட்டுகிறது. குழலைத் தொடாததால், ஒரே தோட்டாக் கூட்டத்திலிருந்து வேகமும் துளைப்பரவலும் சேர்ந்தே கிடைக்கின்றன. நிறுவனம் குறிப்பிடும் துல்லியம் நூற்றில் பத்தில் ஒரு பங்கு, அதாவது நொடிக்கு 2,600 அடியில் 2.6 அடி. இதன் பயன் மறுக்க முடியாதது. ஆனால் அளப்பது இவ்வளவு எளிதாகிவிட்டதால் வந்த கேடு ஒன்று உண்டு. ஐந்து தோட்டாக்களைச் சுட்டுவிட்டு, திரையில் ஒளிரும் திட்ட விலக்கத்தைப் படமெடுத்து, இந்தப் பிரைமர் அந்தப் பிரைமரை வென்றது என்று தீர்ப்பெழுதும் வழக்கம் அதனால் பெருகிவிட்டது.

திட்ட விலக்கம் என்பது தனித்தனி வேகங்கள் தம் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு. ஐந்து சுடுகையில் அது நொடிக்கு 8 அடி எனக் கிடைத்தால், அந்தத் தோட்டாவின் உண்மையான விலக்கம் 4.8 அடிக்கும் 23 அடிக்கும் இடையில் எங்கேனும் இருக்கலாம் என்பதற்குமேல், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதியோடு, புள்ளியியல் எதுவும் சொல்வதில்லை. பத்துச் சுடுகையில் அந்த எல்லை 5.5 முதல் 14.6 வரை, முப்பதில் 6.4 முதல் 10.8 வரை. ஆகவே, ஐந்து சுடுகையில் ஒரு பிரைமர் 6 என்றும் மற்றொன்று 11 என்றும் காட்டினால், இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவையாகவும் இருக்கக்கூடும். இலக்குத்தாளுக்கும் இதே நிலைதான். ஒரே ரைஃபிளும் ஒரே தோட்டாவும் கொண்டு சுட்டாலும், மூன்று துளைகளின் பரவல் சராசரியாக ஐந்து துளைப் பரவலின் ஐந்தில் நான்கு பங்காக இருக்கும். பத்துத் துளைப் பரவல் ஐந்து துளையைவிட ஏறத்தாழக் கால் பங்கு விரிந்திருக்கும். மூன்று துளைத் தாளைக் காட்டி ஒரு பொருளைப் பாராட்டுபவர் பொய் சொல்வதில்லை; போதாத சான்றைக் காட்டுகிறார்.

இதனோடு இன்னொரு கணக்கையும் சேர்க்க வேண்டும். சிதறலின் காரணங்கள் ஒன்றோடொன்று நேராகக் கூடுவதில்லை. அவற்றின் வர்க்கங்களே கூடுகின்றன. விளக்கத்துக்காக, மருந்தின் எடைப் பிசகால் 5 அடியும், கூடுகளின் வேறுபாட்டால் 4 அடியும், குண்டைக் கூட்டின் கழுத்து பிடித்திருக்கும் இறுக்கத்தால் 4 அடியும், பிரைமரால் 3 அடியும் விலக்கம் எழுவதாகக் கொண்டால், மொத்தம் 16 அன்று. 66இன் வர்க்கமூலமான 8.1 மட்டுமே. இங்கே எந்தப் பிசகும் இல்லாத கற்பனைப் பிரைமர் ஒன்றை வாங்கிப் பொருத்தினாலும் மொத்தம் 7.5க்குத்தான் இறங்கும். 8.1க்கும் 7.5க்கும் இடையிலான வேறுபாட்டை நம்பத்தக்க வகையில் நிறுவ, ஒவ்வொரு வகையிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட தோட்டாக்களைச் சுட வேண்டியிருக்கும். .308 போட்டிக் குழல் ஏறத்தாழ 5,000 சுடுகைகளில் தேய்ந்துபோவது என்பதை நினைத்தால், இச்சோதனை அக்குழலின் ஆயுளில் பாதியையோ அதற்கு அருகிலோ விழுங்கிவிடும்.

எனினும் வேகச் சிதறல் பொருட்படுத்தத் தகாதது என்று இதற்குப் பொருளில்லை. 175 கிரெயின் குண்டில் நொடிக்கு 10 அடி வேறுபாடு 1,000 கெஜத்தில் ஏறத்தாழ மூன்று நான்கு அங்குலம் மேலும் கீழுமாக விளையும். 100 கெஜத்தில் அது குண்டுத் துளையின் அகலத்துக்குள்ளேயே மறைந்துவிடும். ஆகவே பிரைமர்களை 100 கெஜத் தாளில் ஒப்பிடுவதால் பயன் இல்லை.

பிரைமர் என்பது ஒரு சிறு உலோகக் கிண்ணம். அதனுள் ஈய ஸ்டிஃப்னேட்டை முதன்மையாகக் கொண்ட கலவையும், அதன்மேல் கால்கள் ஊன்றி நிற்கும் அடைகல் என்ற தகடும் உள்ளன. துப்பாக்கியின் ஊசி கிண்ணத்தை நசுக்க, கலவை அடைகல்லோடு மோதித் தீப்பிடிக்கிறது. அடைகல்லைப் பிரைமருக்குள்ளேயே வைக்கும் முறை பாக்ஸர் என்ற ஆங்கிலேயரின் பெயராலும், அதைக் கூட்டின் அடியிலேயே அமைக்கும் முறை பெர்டன் என்ற அமெரிக்கரின் பெயராலும் வழங்குகின்றன. ஆனால் அமெரிக்கர்கள் பாக்ஸர் முறையையே பின்பற்றுகிறார்கள், மீண்டும் நிரப்ப எளிதானது அதுவே. .308க்கு வழக்கமான பெரிய ரைஃபிள் பிரைமரில் சி.சி.ஐ. 200, ஃபெடரல் 210எம், சி.சி.ஐ. பிஆர்2 ஆகியவை அதிகம் பேசப்படுபவை. இவற்றுக்கிடையே சராசரி வேகம் மாறுவதைப் போதிய சுடுகைகளில் காண முடியும். சீர்மையில் ஒன்று மற்றதை வெல்வதாகச் சொல்லப்படும் கூற்றுகள் பெரும்பாலும் மேலே கண்ட ஐந்து சுடுகைக் கணக்கில் அடங்குபவை. 2020க்குப் பின் அமெரிக்காவில் பிரைமர் தட்டுப்பாடு முற்றி விலை இருமடங்குக்கு மேல் ஏறியபோது, கிடைத்ததை வாங்கிச் சுட்ட போட்டியாளர்கள் பலர் தம் மதிப்பெண்ணில் மாற்றமேதும் காணவில்லை என்றால் அதில் வியப்பதற்கில்லை. மேக்னம் வகையான சி.சி.ஐ. 250 மட்டும் விதிவிலக்கு; அதன் தீ வலியது என்பதால், அழுத்தத்தைக் கணக்கில் எடுக்காமல் அதைச் சாதாரணப் பிரைமருக்கு மாற்றாகச் செருகக் கூடாது.

கூட்டைப் பொறுத்தவரை, பின்லாந்தின் லாப்புவா நிறுவனத்தின் பெயரே அளவுகோலாக ஆகியிருக்கிறது. எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கொண்ட அதே பித்தளைதான் எல்லாரும் பயன்படுத்துவது. வேறுபாடு சுவரின் சீரான தடிப்பிலும், அடிப்பக்கத்தின் உறுதியிலும் இருக்கிறது. பத்துக் கூடுகளை எடுத்து, கழுத்தின் தடிப்பைப் பந்துமுனை மைக்ரோமீட்டரால் சுற்றிலும் அளந்தால் மலிவான கூட்டில் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருப்பது உடனே புலப்படும். பிரைமரைப்போலன்றி, இவ்வேறுபாட்டைக் காணச் சுட வேண்டியதே இல்லை. 800, 900, 1,000 கெஜங்களில் நடக்கும் பால்மா போட்டிக்காக லாப்புவா செய்த கூட்டில் சிறிய ரைஃபிள் பிரைமரே பொருந்தும். தீ செல்லும் துளையும் வழக்கமான 2 மி.மீ.க்கு மாறாக 1.5 மி.மீ. விட்டமே கொண்டது. பிரைமர் குழியைச் சுற்றி அதிக உலோகம் எஞ்சுவதால் இக்கூடு பல முறை நிரப்பிய பின்னும் குழி தளராமல் தாங்கும். கடுங்குளிரில் தீ போதாமல் போகலாம் என்பது அதற்கு ஈடாக ஏற்க வேண்டிய குறை. பழைய இராணுவக் கூடுகளோ பொதுவாகச் சுவர் தடித்தவை. உள்ளிடம் குறுகுவதால் அதே அளவு மருந்து அவற்றில் அதிக அழுத்தத்தை எழுப்பும். கூட்டில் நீர் நிரப்பி நிறுத்து உள்ளிடத்தை ஒப்பிடுவது வெறும் எடையை ஒப்பிடுவதைவிட நேர்மையான சோதனை.

வெடிமருந்தில் ஒப்பிட வேண்டியது முதன்மையாக வெப்பநிலைக்கு அது காட்டும் எதிர்வினை. ஆஸ்திரேலியாவின் முல்வாலாவில் தயாராகி ஹாட்ஜ்டன் பெயரில் விற்கப்படும் வார்கெட், வெயிலிலும் குளிரிலும் வேகம் அதிகம் மாறாதது என்பதாலேயே .308இல் இடம்பிடித்தது. குச்சிகளாக வெட்டப்பட்ட இவ்வகை மருந்து, கன அளவால் ஊற்றும் கருவியின் வாயில் அடைத்துக்கொண்டு அளவைப் பிசகச் செய்யும். உருண்டை மருந்து நீர்போல இறங்கும், ஆனால் வெப்பநிலை மாறினால் அதன் வேகமும் எளிதில் மாறும். தராசில், விலை மலிந்த மின்னணு வகை கிரெயினில் பத்தில் ஒரு பங்குவரை காட்டும் என்றபோதிலும் அரைமணி நேரத்தில் சுழியம் நகர்ந்துவிடும் இயல்புடையது. காந்த ஈடுகட்டு முறையில் இயங்கும் ஏ அண்டு டி நிறுவனத்தின் எஃப்எக்ஸ்-120ஐ என்னும் தராசு, கிரெயினில் நூற்றில் இரண்டு பங்கைக் காட்டுகிறது. அது ஒற்றை மருந்துக் குச்சியின் எடைக்கு ஏறத்தாழச் சமம். மலிவான தராசிலிருந்து அதற்கு மாறுபவர், வேகச் சிதறலின் பெரிய காரணங்களில் ஒன்றை அடக்குகிறார். பிரைமர் மாற்றிப் பார்ப்பதில் கழியும் பணத்தைத் தராசில் இடுவதே தக்கது.

ஆகவே 300 மீட்டருக்குள் சுடுபவர் நல்ல குண்டையும் கம்பரேட்டரையும் வாங்கிவிட்டு, எளிதில் கிடைக்கும் கூட்டோடும் பிரைமரோடும் நின்றுவிடலாம். 1,000 கெஜத்துக்குச் செல்பவருக்கு ரேடார் வகைக் குரோனோகிராஃபும் நல்ல தராசும் சீரான கூடும் அவ்வரிசையில் தேவைப்படும். பிரைமரை ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து ஆண்டுக்குப் போதுமான அளவு வாங்கி வைத்துக்கொள்வது, எந்தப் பெயரைத் தேர்வது என்பதைவிட முக்கியமானது. நான்கில் எதை மாற்றினாலும், தயாரிப்பாளர் வெளியிட்ட கையேட்டின் தொடக்க அளவுக்கு மருந்தைக் குறைத்துக்கொண்டே மீண்டும் தொடங்க வேண்டும். இணையத்தில் பிறர் பகிர்ந்த அளவை, அது எத்தனை அழகான இலக்குத்தாளோடு வந்தாலும், அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.